புகழும் சான்றும்: ஆனையிறவிலிருந்து நோக்கும் ஒரு தேர்தல்

1

ஆனையிறவு என்னும் பெயரை அறியாத தமிழர் அரியர். ஆனையிறவில் இன்று வாழ்வோர் யாவர், அவர்தம் தொழில் யாது, குறை யாது என அறிந்த தமிழரும் அரியரே. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் இவ்வொடுங்கிய நிலம் ஒல்லாந்தர் காலக் கோட்டையாலும், பின்னர் உப்பளத்தாலும், அதன்பின் 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த போர்களாலும் பெயர்பெற்றது. ஏ-9 வீதியால் செல்வோர் போர் நினைவுச் சின்னத்தின் முன் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பர். உப்புப் பாத்திகளில் வெயிலில் நிற்போரை வண்டிக் கண்ணாடியூடாகக் கண்டு செல்வர். ஓர் ஊரின் பெயர் பரவுவது ஒன்று. அவ்வூரின் நிலை அறியப்படுவது வேறொன்று. இவ்வேறுபாடு ஊருக்கு மட்டுமன்றி ஆளுக்கும் பொருந்தும். ஒருவரின் பெயர் பரவுவதும் அவர் தகுதி அறியப்படுவதும் ஒன்றெனக் கொள்ளப்படும்போது தேர்தல் என்னும் நிறுவனம் என்னவாகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவிற்கு உடனடிக் காரணம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைபெற்ற இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலாகும். ஆனையிறவு அமைந்துள்ள கிளிநொச்சி நிருவாக மாவட்டம், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளுள் ஒன்றாக அடங்குவது. அத்தேர்தல் மாவட்டத்தில், அவ்வாண்டின் நடுப்பகுதி வரை அரசியல் அரங்கில் அறியப்படாதிருந்த ஒரு மருத்துவர், முகநூல் நேரலைகளாற் பெற்ற புகழை முதலாகக் கொண்டு, சுயேச்சைக் குழு ஒன்றின் வாயிலாகப் பாராளுமன்ற உறுப்பினரானார். இதனைச் சிலர் மக்களின் விழிப்பு எனப் போற்றினர். சிலர் மக்களின் மயக்கம் எனத் தூற்றினர். போற்றலும் தூற்றலும் ஆய்வாகா. புகழுக்கும் அதிகாரத்திற்கும் உள்ள உறவைத் தமிழ் மரபு எவ்வாறு நோக்கியது, அவ்வுறவு மேடை, பத்திரிகை, திரைப்படம் ஆகியவற்றின் காலத்தில் எவ்வாறு மாறியது, கைபேசியின் காலத்தில் எவ்வாறு மாறிவருகின்றது என்பவற்றை முறையே நோக்கின், இந்நிகழ்வின் பொருள் ஓரளவு தெளிவாகும்.

2

திருக்குறளில் புகழ் என்னும் அதிகாரம் அமைந்துள்ள இடத்தை முதற்கண் கருதுதல் வேண்டும். அரசனையும் அமைச்சனையும் பேசும் பொருட்பாலில் அஃது இல்லை. அறத்துப்பாலில், இல்லறவியலின் இறுதியில், ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்து, 24ஆம் அதிகாரமாக அது வைக்கப்பட்டுள்ளது. வைப்பு முறையே ஒரு கருத்தை உணர்த்துகின்றது. கொடுத்தல் முன்னது; புகழ் அதன் பின் வருவது. ஆட்சிக்கு வேண்டுவனவற்றைக் கூறுமிடத்து வள்ளுவர் வேறு அதிகாரங்களை வைத்தார். இடித்துரைக்கும் பெரியாரைத் துணைக்கோடல், ஆளை ஆராய்ந்து தெளிதல், தெளிந்த பின் வினையை ஒப்படைத்தல் என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. புகழ் உடைமை ஆட்சித் தகுதியாக அங்கு எண்ணப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சங்கச் செய்யுள்களோ புகழையும் ஆட்சியையும் நெருங்கவே வைக்கின்றன. பாடாண்திணை முழுவதும் அந்நெருக்கத்தின் பதிவேயாகும். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், தான் பகைவரை வெல்லாதுவிடின் தனக்கு நேர்க எனக் கூறும் கேடுகளுள் ஒன்று, மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாதொழிதல் என்பதாகும். புலவன் வாய் மூடுதல் மன்னனுக்குத் தண்டனை என்று கருதப்பட்ட உலகம் அது. அவ்வுலகின் வாய்மொழி மரபைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் நூல் வெளியிட்ட பேராசிரியர் க. கைலாசபதி, பாணனும் புலவனும் வகித்த சமூகப் பணியை விரிவாகவே ஆராய்ந்துள்ளார்.

அப்புகழ் எவ்வாறு பரவியது என்பதற்கு ஆற்றுப்படையைப் போன்ற தெளிவான சான்று வேறில்லை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாது வருந்தும் மற்றொருவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியையும் கண்ட வளத்தையும் பெற்ற பொருளையும் கூறி ஆற்றுப்படுத்துகின்றான். இதில் மூன்று இயல்புகள் பொதிந்துள்ளன. முதலாவது, புகழ் பிறர் வாய்ச் சொல்லாக வருகின்றது; மன்னன் தன்னைத் தானே பாடுவதில்லை. இரண்டாவது, சொல்வோன் நேரிற் கண்டவன். அவன் சொல் பொய்ப்பின், வழிநடந்து சென்று ஏமாந்தவன் திரும்பி வந்து அவனையே பழிப்பான். மூன்றாவது, பாடுவோர்க்கு இடித்துரைக்கும் உரிமையும் உண்டு. பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்கு இறை கொள்ளும் முறையை எடுத்துரைத்ததும், கோவூர் கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையிற் புகுந்து போரைக் கடிந்ததும் அவ்வுரிமையின் வெளிப்பாடுகள். செவியறிவுறூஉ என அதற்கொரு துறையே வகுக்கப்பட்டது.

இம்மரபைப் பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. புலவர் வறியர், பரிசில் வேண்டியே பாடினர், மிகையும் முகமனும் அப்பாடல்களில் நிறைய உண்டு. எனினும் பிறர் வாய்மொழி, நேரிற் கண்டமை, இடித்துரைக்கும் உரிமை என்னும் இம்மூன்றையும் ஒருங்கு சேர்த்துச் சான்று எனக் கூறுவோமாயின், பண்டைப் புகழ் குறைபாடுடையதாயினும் சான்றுடைய புகழாக விளங்கியது எனலாம்.

3

இருபதாம் நூற்றாண்டில் மன்னன் மறைந்து வாக்காளன் வந்தான். பாணன் மறைந்து பத்திரிகையும் மேடையும் வந்தன. ஈழத்துத் தமிழர் அரசியலில் இம்மாற்றத்தை உணர்த்தும் தக்க எடுத்துக்காட்டு 1975 பெப்ரவரி 6ஆம் நாள் நிகழ்ந்த காங்கேசன்துறை இடைத்தேர்தலாகும். சா. ஜே. வே. செல்வநாயகம் அத்தேர்தலிற் கம்யூனிஸ்டுக் கட்சியின் வ. பொன்னம்பலத்தை 16,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அக்காலத்தில் அவர் நோயால் மெலிந்திருந்தார். மேடையில் அவர் குரல் அருகிருப்போர்க்கே அரிதிற் கேட்கும். சொல்வன்மை அவர்க்குரிய சிறப்பாக என்றும் கூறப்பட்டதில்லை. அவர்தம் பெயரைப் பரப்பியோர் பிறர். அ. அமிர்தலிங்கம் போன்ற பேச்சாளரும், 1947இல் தொடங்கப்பட்ட ‘சுதந்திரன்’ பத்திரிகையும், ஊர்தோறும் இருந்த கட்சிக் கிளைகளும் அப்பணியைச் செய்தன. அக்கிளையினர் தம் அயலார் முன் நின்று வாக்குக் கேட்டவர்கள். தாம் சொன்னது பொய்த்தால் மறுநாள் அவ்வயலார் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். சான்றின் இரண்டாம் இயல்பு அங்கு உயிர்ப்புடன் இருந்தது. மூன்றாம் இயல்பாகிய இடித்துரைக்கும் உரிமை அக்கட்சிகளுள் நலிந்திருந்தது என்பதும் உண்மை. அதன் விளைவுகளை நம் தலைமுறைகள் அனுபவித்தன.

தமிழ்நாட்டில் திரைப்படம் இவ்வுறவை வேறொரு வகையில் மாற்றியது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்க்கும் முதற் கலையரங்காகத் திரையரங்கு அமைந்தது எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டியுள்ளார். அவ்வரங்கின் புகழை அரசியலாக்கியதில் எம். ஜி. இராமச்சந்திரனுக்கு ஒப்பாரில்லை. 1967 சனவரி 12ஆம் நாள் சுடப்பட்டுக் கழுத்திற் கட்டுடன் மருத்துவமனையிற் கிடந்த அவரின் படம் சுவரொட்டியாக ஊர்தோறும் சென்றது. தொகுதிக்குள் வாக்குக் கேட்டுச் செல்லாமலே அவர் பரங்கிமலையில் வென்றார். ஒரு படிமம் பரப்புரையாளனின் இடத்தை நிரப்பிய நிகழ்வு எனின் அதுவே.

ஆயினும் திரைப்புகழ் மட்டுமே அவ்வெற்றியைத் தந்தது எனக் கொள்ளின் பிழையாகும். 1972இல் அவர் தனிக்கட்சி கண்டபோது, ஊர்தோறும் இருந்த இரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகளாயின. 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலிலும் 1977இற் பொதுத்தேர்தலிலும் வென்றது அவ்வமைப்பு. அவரோடொத்த திரைப்புகழும் நடிப்பில் அவரினும் மேலான மதிப்பும் பெற்றிருந்த சிவாஜி கணேசன் தனிக்கட்சி தொடங்கி 1989இல் திருவையாற்றிற் போட்டியிட்டுத் தோற்றார். புகழ் இருவர்க்கும் ஒத்திருந்தது. புகழுக்கும் வாக்குக்கும் இடையில் நிற்கும் மனிதர் கூட்டம் ஒருவரிடம் இருந்தது, மற்றவரிடம் போதிய அளவு இருக்கவில்லை. திரையின் காலத்திலும் இடைநின்று சான்று கூறுவோர் தேவைப்பட்டனர் என்பதே இவ்விரு நிகழ்வுகளின் ஒப்பீடு தரும் முடிபு.

4

இனி 2024ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் வைத்திய அத்தியட்சகராகப் பொறுப்பேற்ற மருத்துவர் இராமநாதன் அர்ச்சுனா, அங்கு நிலவுவனவாகத் தாம் கருதிய முறைகேடுகளை முகநூல் நேரலைகளில் வெளியிடலானார். யூலை மாதத்தில் அவர்க்கு ஆதரவாகத் தென்மராட்சி மக்கள் கடைகளை அடைத்து வீதிக்கு வந்தனர். மருத்துவர் தரப்பினின்றும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்பொறுப்பில் அவர் தொடர இயலவில்லை. அக்குற்றச்சாட்டுகளின் மெய்ம்மை பொய்ம்மைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மக்கள் திரண்ட காரணம் மட்டும் ஐயத்திற்கு இடமற்றது. மருத்துவத்திற்காகத் தொலைவு செல்லும் துன்பத்தை அம்மக்கள் தாமே பட்டிருந்தனர். அதனைப் பொறுப்பிலுள்ள ஒருவர் வெளிப்படக் கூறியமை அவர்க்குப் புதிது.

நவம்பர் மாதத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்கள் களமிறங்கின. பட்டியலொன்றுக்கு ஒன்பதின்மராக 396 வேட்பாளர். முடிவில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் மூன்று ஆசனங்களையும், இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 63,327 வாக்குகளுடன் ஓர் ஆசனத்தையும், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986 வாக்குகளுடன் ஓர் ஆசனத்தையும் பெற்றன. ஆறாவது ஆசனம் 27,855 வாக்குகளைப் பெற்ற சுயேச்சைக் குழு 17ஐச் சார்ந்தது. அக்குழுவின் தலைமை வேட்பாளராக நின்ற மருத்துவர் அர்ச்சுனா உறுப்பினரானார். எட்டுத் தசாப்தத் தொன்மையுடைய தமிழ்க் காங்கிரசுக்கும் சில மாத வயதினதான அச்சுயேச்சைக் குழுவுக்கும் இடையில் இருந்த வேறுபாடு 131 வாக்குகளே.

இவ்வெண்களை நோக்குவார் இரு செய்திகளைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, தேர்தல் முறை. விகிதாசார முறையில் முதலிடம் பெறும் பட்டியலுக்கு ஒரு மேலதிக ஆசனம் வழங்கி, நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தோரை நீக்கி, எஞ்சிய ஆசனங்களை முதலில் முழு ஈவின்படியும் பின்னர் எச்ச வாக்குகளின் பெருக்கத்தின்படியும் பகிர்வர். வாக்குகள் பல பட்டியல்களிற் சிதறும்போது, செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு ஒன்பதையும் எட்டாத ஒரு குழு ஓர் ஆசனத்தை எய்தல் இயல்கின்றது. 396 பெயர்களிடையே ஒரு பெயர் முன்னரே அறியப்பட்டிருத்தல் எத்துணைப் பெரிய முதல் என்பது இதனாற் புலனாகும். மற்றொன்று, பழைய கட்சிகள்பால் மக்கள் கொண்ட சலிப்பு. அதே ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க இம்மாவட்டத்திற் பெற்றவை 27,086 வாக்குகளே. எட்டு வாரத்தில் அவர் கட்சி அதன் ஏறத்தாழ மும்மடங்கை எட்டியது. எனவே பெயர்ந்து செல்ல ஆயத்தமாக இருந்த ஒரு வாக்காளர் கூட்டத்தை முகநூற் புகழ் எதிர்கொண்டது. அக்கூட்டத்தை அஃது உண்டாக்கியது எனல் மிகையாகும்.

இங்குச் சான்று என்னும் அளவுகோலை வைத்து நோக்குவோம். வைத்தியசாலையின் குறைக்குச் சான்று உண்டு. அக்குறையைப் பட்ட மக்களே அதற்குச் சான்று. சட்டமன்றத்தில் இயங்குதற்கு வேண்டிய தகுதி வேட்பாளர்க்கு உண்டா என்பதற்கு, ஒரு பக்கமாகவேனும் மறுபக்கமாகவேனும், சான்று எதுவும் அப்போது இருக்கவில்லை. முன்னதன் சான்று பின்னதற்கும் சான்றாகக் கொள்ளப்பட்டது. குறையை எடுத்துரைத்தல் ஒரு பணி. குறையைச் சட்டத்தாலும் நிதி ஒதுக்கீட்டாலும் நிருவாகத்தாலும் தீர்த்தல் பிறிதொரு பணி. ஒன்றில் வல்லார் மற்றதிலும் வல்லராதல் கூடும், ஆகாதிருத்தலும் கூடும். அதனை ஆராயும் இடைவெளி வாக்காளர்க்குக் கிட்டவில்லை என்பதே நாம் கருதும் குறை. இக்குறை ஒரு மருத்துவரின் தனிக்குறையன்று. அவரை உயர்த்திய ஊடகத்தின் அமைப்பிலே உள்ளது.

5

அவ்வமைப்பின் இயல்புகள் சிலவற்றை நோக்குவோம். நேரலையிற் பாடுவோனும் பாடப்படுவோனும் ஒருவனே. தன் செயலைத் தானே படம் பிடித்து, தானே விளக்கி, தானே போற்றும் இந்நிலை பாடாண்திணைக்கு அறவே புறம்பானது. பார்ப்போர் அதனைப் பிறர்க்கு அனுப்புகின்றனர். இவ்வனுப்புதல் ஆற்றுப்படுத்தல் போலத் தோன்றும். எனினும் அனுப்புவோன் வழிநடந்து சென்றவனல்லன், பரிசில் பெற்றவனுமல்லன். சொல் பொய்ப்பின் அவனைப் பழிப்பாரும் இலர்.

அடுத்தது, அவையும் வாக்காளரும் வேறாதல். ஈழத் தமிழரின் முகநூல் அவை யாழ்ப்பாணத்தோடும் கிளிநொச்சியோடும் அமைவதன்று. டொரன்டோ, இலண்டன், பாரிஸ், சூரிச் ஆகிய நகரங்களில் வாழும் உறவினரும் அவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். வெளிநாட்டில் வாழ்வோர் அங்கிருந்தே வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. எனவே விருப்பக்குறி இடுவோருட் பலர் வாக்கில்லாதோர். தவறான தெரிவின் விளைவைத் தாம் நேரிற் படாதோர். வன்னிப் பெருநிலத்திற் கைபேசிச் சேவை பரவியது போர் முடிந்த பின்னரே. ஒரு தலைமுறைக்குள், செய்தி எட்டாத நிலத்திலிருந்து, தம்மைப் பற்றித் தமக்கு வெளியே இருப்போர் பேசும் பேச்சையே தாம் கேட்கும் நிலைக்கு இம்மக்கள் வந்துள்ளனர். ஆனையிறவின் உப்புத் தொழிலாளி ஒருவர் தம் கைபேசியில் ஒரு வேட்பாளரின் நேரலையை நூறாயிரம் பேர் கண்டனர் என அறியும்போது, அந்நூறாயிரத்தில் தம் தொகுதியார் எத்தனை பேர் என அறியும் வழி அவர்க்கு இல்லை.

மூன்றாவது, எது பரவ வேண்டும் எனத் தெரிவது மனிதரல்லர், கணிப்புமுறை என்பது. 2021இல் வெளிவந்த முகநூல் நிறுவன உள்ளாவணங்கள் இது பற்றி ஒரு செய்தியைத் தந்தன. 2017 முதற் சில காலம், சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு அந்நிறுவனம் விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்பளித்தது. தீங்கு கண்ட பின்னர் அம்மதிப்பைக் குறைத்தது. சினம் மூட்டும் பேச்சு தானே பரவும். அமைதியாக விளக்கும் பேச்சு நின்ற இடத்தில் நிற்கும். அரசியலில் நியாயமான சினத்திற்கு இடமுண்டு. ஆயின் நியாயமான சினத்தையும் பொய்ச்சினத்தையும் அக்கணிப்புமுறை பிரித்தறிவதில்லை.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. 2024 நவம்பர் 24ஆம் நாள் உருமேனியாவில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில், கருத்துக் கணிப்புகளிற் பின்தங்கியிருந்த கெலின் ஜியோர்ஜெஸ்கு என்பார் டிக்டொக் காணொளிகளின் பரவலால் முதலிடம் பெற்றார். பரப்புரைக்குத் தாம் செலவே செய்யவில்லை என அவர் கணக்குக் காட்டினார். டிசம்பர் 6ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தேர்தலையே செல்லாதாக்கியது. ஒரு நாட்டின் வாக்கு முழுவதையும் அழித்துத்தான் சீர்செய்ய வேண்டும் என்னும் நிலை வருமாயின், நோயினும் மருந்து கொடிது எனக் கருதவும் இடமுண்டு.

இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம், வேட்பாளர் தம் செலவுக் கணக்கைத் தேர்தல் முடிவு வெளியான 21 நாள்களுக்குள் தரவேண்டும் என்கின்றது. சுவரொட்டிக்கும் விளம்பரத்திற்கும் விலை கூறலாம். அயல்நாட்டில் இருக்கும் ஒருவர் தாமே விரும்பிப் பரப்பிய காணொளிக்கு விலை யாது? செலவைக் கொண்டு செல்வாக்கை அளக்கும் சட்டம் இவ்விடத்தில் திகைத்து நிற்கின்றது. ஒருவகையில் இது வறியவர்க்கு நன்மை. செல்வரல்லாதாரும் இனி அறியப்படலாம். அந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று.

6

தேர்தலின் பின் நிகழ்ந்த இரண்டு செய்திகள் நம் கருத்தை மேலும் விளக்குகின்றன. 2024 நவம்பர் 21ஆம் நாள் புதிய பாராளுமன்றம் கூடியபோது மருத்துவர் அர்ச்சுனா எதிர்க்கட்சித் தலைவர்க்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இருக்கையில் அமர்ந்தார். அதனை முகநூல் நேரலையிலும் காட்டினார். 2025 மார்ச்சில், அவையில் அவர் பேசிய பேச்சுகள் குறித்து எழுந்த முறைப்பாடுகளின் பின், குறித்த சில அமர்வு நாள்களுக்கு அவர்தம் பேச்சை நேரடியாக ஒளிபரப்பாதிருக்குமாறு சபாநாயகர் பணித்தார். முதற் செய்தியில் உறுப்பினர் அவையை அரங்காகக் கண்டார். இரண்டாஞ் செய்தியில் அவையும் அவர்தம் இருப்பை ஒளிபரப்பாகவே கண்டது. பேசும் உரிமையை விட்டு, காட்டப்படும் உரிமையைத் தண்டனையாகப் பறித்தது. நெடுஞ்செழியனுக்குப் புலவன் பாடாமை தண்டனை. இக்கால உறுப்பினர்க்கு ஒளிபரப்பாமை தண்டனை. முன்னதில் தண்டிப்பவன் தன் மதிப்பீட்டால் வாய்மூடும் சான்றாளன். பின்னதில் மதிப்பீடு எவரதும் இல்லை, விசை மட்டும் நிறுத்தப்படுகின்றது. இவ்வாறு நிறுத்துதல் ஓர் உறுப்பினரைத் தெரிந்த 27,855 வாக்காளரின் செவியையும் அடைப்பதாகும் என்பதை அவையினர் கருதியிருத்தல் வேண்டும்.

இனி ஆனையிறவுக்கே மீள்வோம். 1990இற் போரால் நின்றுபோன உப்பளம் போர் முடிந்த பின் மெல்ல மீண்டது. 2025 மார்ச்சில் அங்குத் தூளுப்பு உற்பத்தி ஆலை திறக்கப்பட்டது. அவ்வாண்டு நாட்டில் உப்புத் தட்டுப்பாடு நிலவி வெளிநாட்டிலிருந்து உப்பு இறக்குமதி செய்யப்பட்டமையால் ஆனையிறவு உப்பு மீண்டும் பேசுபொருளாயிற்று. அவ்வுப்பிற்கு இடப்பட்ட சிங்களப் பெயர் குறித்து எதிர்ப்பு எழுந்தது. ஆனையிறவு என்னும் பெயரே வேண்டும் எனக் கேட்கப்பட்டது. அக்கோரிக்கை நியாயமானது; ஊர்ப்பெயர் ஒரு மக்களின் உடைமை. அதே ஆண்டில் உப்பளத் தொழிலாளரும் தம் தொழில் நிலைமை குறித்துக் குரலெழுப்பினர். பெயர் பற்றிய வழக்கு ஒரு வரியில் அடங்குவது. கேட்ட அளவிற் சினம் பிறப்பது. எந்நாட்டில் இருப்போர்க்கும் விளங்குவது. கூலி, வேலைநாள், குடிநீர், நிழல், ஓய்வூதியம் என்பன ஒரு வரியில் அடங்கா. அவற்றை விளக்கக் கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும், அடுத்த ஆண்டும் வந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். புகழின் வழியாக நடைபெறும் அரசியல் முதல்வகைச் சிக்கல்களையே தேடிச் செல்லும் இயல்புடையது. உப்பளத்தில் நிற்போர்க்கு இரண்டும் வேண்டும். ஆயின் இரண்டாவது இன்றி முதலாவது மட்டும் கிடைப்பின், பொதியின் மேல் ஊர்ப்பெயர் இருக்கும், பாத்தியில் நிற்பவர் நிலை முன்போலவே இருக்கும்.

7

இக்கருத்துக்கு எதிராக ஒரு வலிய வாதம் உண்டு. கட்சிக் கிளைகளும் பத்திரிகைகளும் சான்று கூறிய காலத்திலும் வறியவர் குரல் கேட்கப்படவில்லை. சாதியாலும் ஊராலும் கல்வியாலும் உயர்ந்தோரே சான்றாளராக இருந்தனர். கைபேசியே முதன்முறையாக எவரும் பேசும் மேடையைத் தந்தது என்பது அவ்வாதம். இதனை நாம் ஏற்கின்றோம். தென்மராட்சி மக்களின் துன்பத்தை அவர்தம் பழைய பிரதிநிதிகள் அவ்வேகத்தில் எடுத்துரைத்திருந்தால் நேரலைக்கு அத்துணைத் தேவை எழுந்திராது. பழைய சான்றாளர் தம் கடமையில் தவறினர். அவர் விட்ட வெற்றிடத்திற் புகழ் புகுந்தது. ஆகவே பழமைக்கு மீளுதல் விடையாகாது. மேடை எவர்க்கும் உரியதாக இருக்கட்டும். அம்மேடையில் நிற்போரை ஆராயும் முறையை எவ்வாறு மீட்டுருவாக்குவது என்பதே நம்முன் உள்ள சிக்கல்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரத்தை அரசனை நோக்கிக் கூறினார். ஆளைத் தெரிவு செய்யும் அதிகாரம் இன்று வாக்காளரிடம் உள்ளது. எனவே அவ்வதிகாரம் இன்று வாக்காளரை நோக்கியதாகும். ஆராயாது தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் இரண்டும் இடர் என்பதே அதன் சாரம். அரசனுக்கு ஒற்றரும் அமைச்சரும் இருந்தனர். வாக்காளர்க்கு எவர் உளர்? ஊர் வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், மாதர் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் அமைப்பு என்பன ஒரு காலத்தில் அப்பணியை ஓரளவு செய்தன. வேட்பாளரை நேரில் அழைத்து, கேள்வி கேட்டு, விடையைக் குறித்து வைத்து, ஈராண்டின் பின் அக்குறிப்பை எடுத்துக் காட்டும் எளிய வழக்கத்தை அவை மீண்டும் கைக்கொள்ளலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் புகழ்பெற்றோரை மேடைக்கு அழைத்து மாலையிடும் வழக்கத்தோடு அமையாது, மக்கள் பிரதிநிதிகள் அவையிற் பேசியவற்றையும் கேட்டவற்றையும் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுதல் தகும். பாராளுமன்றப் பதிவேடு எவர்க்கும் கிட்டுவது. அதனைப் படித்துச் சொல்வோர்தாம் வேண்டும்.

புகழ் தீதன்று. தெரியாத ஒருவர்க்கு எவரும் வாக்களிப்பதில்லை. தெரிதலின் தொடக்கம் புகழே. அத்தொடக்கத்தையே முடிவாகக் கொள்வதில்தான் இடர் உள்ளது. அடுத்த தேர்தல் வரும்போது ஏ-9 வீதியில் வண்டிகள் மீண்டும் நிற்கும். நினைவுச் சின்னத்தின் முன்னும் உப்புப் பாத்தியின் முன்னும் கைபேசிகள் உயரும். அப்போது பாத்தியில் நிற்பவர், தம்மைப் படம் பிடிப்பவரை நோக்கி, சென்ற முறை சொன்னது என்னவாயிற்று என ஒரு கேள்வி கேட்பாராயின், ஆற்றுப்படை மரபின் சான்று மீண்டும் உயிர்பெற்றது என நாம் கொள்ளலாம்.